விண்ணப்பம் போட்டாயிற்று, பிள்ளை கல்லூரிக்குப் போனதா?

ஊர் நற்பணி மன்றம், மாலைப் படிப்பகம், முன்னாள் மாணவர் குழு நடத்துகிறவர்கள் உயர்கல்வி, வேலை வழிகாட்டல் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் மன்றம் ஆண்டுதோறும் ஏப்ரலில் பெரிய வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறது. பேச்சாளர், சாப்பாடு, கையேடு எல்லாம் உண்டு. ஆனாலும் போன வருஷம் பிளஸ் 2 முடித்தவர்களில் பத்துப் பேர் எங்குமே சேரவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. எங்கே தவறு செய்தோம்?
*— மன்றச் செயலாளர் ஒருவர், திருத்துறைப்பூண்டி வட்டம்*

‘இப்போதுதான் தெரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அங்கேதான் இருக்கிறது. என்னென்ன படிப்பு உண்டு என்பது பிள்ளைகளுக்கு இன்று ஓரளவு தெரியும். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் வந்ததிலிருந்து பள்ளியிலேயே சொல்கிறார்கள், ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும் மாவட்டந்தோறும் நடக்கிறது. பிள்ளைகள் நழுவுவது கூட்டமெல்லாம் முடிந்த பிறகு. மே மாதம் ரிசல்ட் வரும், விண்ணப்பமும் போடுவார்கள். ஒருவனுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு தாள் குறையும். இன்னொருத்திக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள், பணம் கட்டக் கடைசி நாளில் வீட்டில் கையில் காசு இருக்காது. கட்டணமும் கட்டிவிட்டு, தெரியாத ஊருக்குத் தனியாகப் பேருந்து ஏறத் தயங்கி நின்றுவிடுகிற பிள்ளையும் உண்டு. இப்படி ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு பேராக ஆகஸ்ட் முடிவதற்குள் பத்துப் பேர் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், பெண் வீட்டோடு இருப்பாள்.

ஆகவே முதல் வேலை ஒரு நோட்டு போடுவது. 200 பக்க லாங் சைஸ் நோட்டு போதும். பிள்ளைக்கு எதிரெதிர் இரண்டு பக்கம். இடப் பக்கத்தில் பெயர் (மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி, இனிஷியலோடு), பிறந்த தேதி, 6-ஆம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளி, பிளஸ் 2 பிரிவு, வீட்டில் இரண்டு தொலைபேசி எண்கள், கையில் உள்ள சான்றிதழ்கள், இல்லாதவை. வலப் பக்கம் முழுவதும் தேதியிட்ட குறிப்புக்கு: யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்.

ஒரு தன்னார்வலருக்கு ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கிறவர்களைச் சேருங்கள். கலந்தாய்வு இணையதளம் போன வருஷம் எப்படி இருந்தது, எங்கே மாட்டியது என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பெரியவர்கள் தாசில்தார் அலுவலகம், வங்கி போன்ற இடங்களுக்கு உடன் போகட்டும். ரிசல்ட் வந்த நாள் முதல் செப்டம்பர் கடைசி வரை வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையிடமும் பேசியாக வேண்டும். ‘அப்ளை பண்ணிட்டேன்’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். விண்ணப்ப எண் என்ன, பணம் கட்டிய ரசீது இருக்கிறதா, அடுத்த தேதி எது என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.

முதல் முறை வீட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: இந்த வீட்டில் யார் சொன்னால் எடுபடும்? பல வீடுகளில் அது அப்பாவாக இருக்காது. சென்னையில் வேலை பார்க்கும் மாமாவாகவோ கல்யாணமான அக்காவாகவோ இருக்கும். அவரிடம் பிப்ரவரியிலேயே பேசிவிட்டால், ஜூனில் ‘மாமா வேண்டாங்குறார்’ என்ற பேச்சு வராது.

ஏப்ரல் கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஃப்ளெக்ஸுக்கும் சால்வைக்கும் போகும் பணத்தை ஒருமுறை கணக்குப் பாருங்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். இருபது பிள்ளைகளுக்கு மும்மூன்று சான்றிதழ் எடுத்தாலும் 3,600 ரூபாய்தான். அந்தச் செலவு பிள்ளையை நேராகக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோகும்.

என்னென்ன சான்றிதழ், எப்போது எடுக்க வேண்டும்? ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் அலைந்து சாகிறோம்.
*— மாலைப் படிப்பகம் நடத்தும் வாசகி, செய்யாறு*

ஜூனில் மொத்த மாவட்டமும் விண்ணப்பித்திருக்கும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையிலும் கோப்பு தேங்கும். பிளஸ் 2 அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் எல்லாம் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றும், மத்திய அரசுப் படிவ ஓ.பி.சி. சான்றும் மட்டும் விலக்கு. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை மார்ச், ஏப்ரலில் எடுப்பதே சரி. முன்பே எடுத்துவிட்டால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகி நிற்கும்.

சாதிச் சான்று எல்லாரிடமும் இருக்கும். ஆனால் பழைய அட்டைச் சான்றை இணையத்தில் சரிபார்க்க முடியாது. டிஜிட்டல் கையெழுத்தும் க்யூ.ஆர். குறியீடும் உள்ள சான்றாக மாற்றி வாங்கிவிடுங்கள். ஜே.இ.இ., கியூட் போன்ற மத்தியத் தேர்வு எழுதும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைக்கு மாநிலச் சாதிச் சான்று போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் எடுத்ததாக இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் பொதுப் பிரிவில் போட்டியிடும் கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிகவும் வருத்தமான இழப்பு இது, ஏனென்றால் தேர்வு எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய பிறகு ஒரு தாளுக்காகப் போகிறது.

முதல் பட்டதாரிச் சான்று குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பெற்றோர், உடன்பிறந்தோர், இரு பக்கத் தாத்தா பாட்டி யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே அதன் கல்விக் கட்டணச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. பொறியியலில் இந்தச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் செல்லும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுச் சான்றை நீட்டினால் பயனில்லை. வீட்டில் பெரியவன் கலைக் கல்லூரிக்கும் சின்னவள் பொறியியலுக்கும் போகப்போகிறார்கள் என்றால், யாருக்குப் பயன்படுத்துவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவெடுங்கள்.

6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு இதுதான் உயிர். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் இந்த ஒதுக்கீடு வந்தது. இதில் பொறியியல் சேர்கிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. நடுவில் 7-ஆம் வகுப்பை மட்டும் மெட்ரிக் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

எல்லாவற்றையும்விட அதிகம் அலையவைப்பது பெயர்தான். மதிப்பெண் சான்றில் ‘கா. முத்துலட்சுமி’ என்றிருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து ‘முத்துலட்சுமி காளிமுத்து’ என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே பெண் என்று தெரிந்துவிடும், கணினி மூன்று பேர் என்று எடுத்துக்கொள்ளும். இதற்கு வழி: எந்தத் தாளை வைத்து மற்றதைத் திருத்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 10-ஆம் வகுப்புச் சான்றுதான் வாழ்நாள் முழுதும் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் அடிப்படை ஆவணம், அச்சான பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே அது சரியாக இருந்தால் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறையும் பிறந்த தேதியை ஒருமுறையும்தான் மாற்ற முடியும், அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். 9, 10-ஆம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் எளிது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பள்ளியில் இறுதியாகும் முன் தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்திவிடலாம். அதே சமயம் 15 வயதான பிள்ளையின் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதார் மையத்தில் புதுப்பித்தாயிற்றா என்றும் பாருங்கள். புதுப்பிக்காத ஆதார், கைரேகை வைக்கும் இடமெல்லாம் ‘மேட்ச் ஆகவில்லை’ என்று திருப்பி அனுப்பும்.

கடைசியாக, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றையும் கல்லூரியில் கொடுக்கும் முன் பத்து நகல் ஜெராக்ஸும் ஒரு தெளிவான ஸ்கேனும் எடுத்து வையுங்கள். பிள்ளை வேறு கல்லூரிக்கு மாற நினைத்து, ‘அசல் தரமாட்டோம்’ என்று சொன்னால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பிரவுசிங் சென்டரில் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் போட்டோம். இப்போது பாஸ்வேர்டு இல்லை, ஓ.டி.பி. யாருக்குப் போகிறது என்றும் தெரியவில்லை.
*— கல்லூரி மாணவர், முதுகுளத்தூர்*

பெரும்பாலும் கடைக்காரர் தன் மின்னஞ்சலையும் எண்ணையும் போட்டிருப்பார். முதலில் அந்தக் கடைக்குப் போய் எண்ணை உறுதி செய்யுங்கள். அவர் வழியாக உள்ளே நுழைய முடிந்தால் உடனே மாற்றுங்கள். முடியாவிட்டால் பிள்ளை, அடையாள அட்டை, பணம் கட்டிய ரசீது மூன்றோடும் அருகிலுள்ள பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்துக்கு நேரில் போங்கள்.

இனிமேல் செய்ய வேண்டியது: பிளஸ் 1 படிக்கும்போதே பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, பாஸ்வேர்டை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண்ணே போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. கொடுத்த எண் அடுத்த நான்கு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். மன்றத் தன்னார்வலர் எண்ணைக் கொடுப்பதும் தவறுதான். நாளைக்கு அவர் வெளிநாடு போய்விடுவார்.

கணிதம் 78, இயற்பியல் 82, வேதியியல் 76. இந்தப் பையனுக்குப் பொறியியல் கிடைக்குமா? அப்பா ஒரு லட்சம் முன்பணம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்கிறார்.
*— தன்னார்வலர், விருத்தாசலம்*

கணக்குப் போட்டுவிடுவோம். கணிதம் 100-க்கு அப்படியே 78. இயற்பியல் பாதி, 41. வேதியியல் பாதி, 38. கட்-ஆஃப் 200-க்கு 157. கலந்தாய்வில் இடம் கிடைக்காத மதிப்பெண் இல்லை இது. அப்பாவிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவனாக இருந்தால் 7.5 சதவீதத்தின் கட்டண விலக்கும் போகும். கலந்தாய்வுப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 250. முதலில் அதைக் கட்டட்டும்.

பிள்ளைகள் கோட்டை விடுவது விருப்பப் பட்டியல் நிரப்புவதில். அங்கே ஒரு வரி என்பது ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்தது. பத்து வரி எழுதிவிட்டு இடம் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். நடுத்தரத் தரவரிசைக்காரர் ஐம்பது அறுபது வரியாவது எழுத வேண்டும். எழுதும் வரிசை முழுக்க முழுக்க விருப்பத்தின் வரிசைதான். ‘நமக்குக் கிடைக்கக்கூடியதை மேலே போடுவோம்’ என்று நினைப்பது பெரிய தவறு. கணினி மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிடும். கீழே இருந்த நல்ல கல்லூரி காலியாக இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது.

முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எந்தச் சமூகத்துக்கு எங்கே முடிந்தது என்று பார்க்கும்போது கட்-ஆஃபைவிடத் தரவரிசையை ஒப்பிடுங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருஷம் எல்லார் மதிப்பெண்ணும் ஏறிவிடும், 157-இன் மதிப்பு மாறிவிடும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்லக் கொஞ்ச நேரமே கொடுப்பார்கள். அந்த நாள்களில் பையன் திருவிழாவுக்கு அத்தை ஊருக்குப் போயிருக்கக் கூடாது. ‘ஏற்கிறேன், மேலே உள்ளது கிடைத்தாலும் வேண்டும்’ என்ற தெரிவைக் கொடுத்தால், மேல்வரியில் இடம் கிடைத்த கணமே பழைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்ப வராது. அதனால் போக மனமில்லாத கல்லூரியை ஒப்புக்குக்கூட மேலே வைக்காதீர்கள்.

பட்டியல் எழுதும் முன் நான்கைந்து கல்லூரிகளுக்கு நேரில் போங்கள். கேட்க வேண்டியவை: கல்விக் கட்டணம் தவிர பேருந்து, தேர்வு, சீருடை, ‘டிரெய்னிங்’ என்று ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு, அதை எழுதித் தருவார்களா? அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (பாடப்பிரிவின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா? வாயிலில் நின்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வழவழப்பான கையேட்டில் இல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

பையனுக்கு உண்மையில் கணிதம் வேப்பங்காயாக இருந்தால் வேறு பேச்சு. அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் 48, பதிவு 2, ஆக 50 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். ஒன்றுக்குக் காத்திருந்து இன்னொன்றின் தேதியை விட்டுவிடுவதுதான் ஜூனில் நடக்கும் பரிதாபம்.

என் மகளுக்குப் புதுமைப்பெண் பணம் நான்கு மாதமாக வரவில்லை. அவளோடு படிக்கிற பெண்ணுக்கு வருகிறது. கல்லூரியில் கேட்டால் ‘வங்கியில் கேளுங்கள்’, வங்கியில் கேட்டால் ‘கல்லூரியில் கேளுங்கள்’ என்கிறார்கள்.
*— ஒரு தாய், மேலூர்*

அம்மா, இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கேள்விதான் கேட்க வேண்டும். வரிசையாகப் பாருங்கள்.

கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். ‘யு.எம்.ஐ.எஸ். என்ற அரசின் மாணவர் விவரத் தளத்தில் என் மகளின் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறதா, நிலுவையா, நிராகரிப்பா?’ என்று கேளுங்கள். பள்ளி விவரம் பொருந்தவில்லை என்றால் அவர்தான் சரிசெய்ய வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பரில் விரிவாக்கினார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். தொலைதூரக் கல்வியில் படித்தால் கிடையாது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் கோளாறு வங்கிப் பக்கம். அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. மகள் கல்லூரிக்கு வந்தபின் வேறொரு வங்கியில் புதுக் கணக்கு திறந்து, அங்கே ஆதார் இணைப்புக்கும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கலாம். பழைய பாஸ்புக்கை எத்தனை முறை அடித்தாலும் தெரியாது. ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்று பார்த்தால் எந்த வங்கி என்று வந்துவிடும். இன்னொரு காரணம்: பள்ளியில் திறந்த சிறுவர் கணக்கு 18 வயதானதும் புதுக் கையெழுத்தும் அடையாள ஆவணமும் கேட்டு முடங்கியிருக்கும். மகளை நேரில் கூட்டிக்கொண்டுபோய்ப் படிவம் கொடுத்தால் சரியாகும்.

பிளஸ் 2-வில் இரண்டு பாடம் போய்விட்ட பையன்களும், பத்தாவதோடு தறிக்குப் போன பையன்களும் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர். இவர்களைக் கல்லூரி வழிகாட்டலில் சேர்ப்பதா?
*— வாசகர், பள்ளிபாளையம்*

முதலில் சேர்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நல்ல மதிப்பெண் எடுத்தவனுக்குப் பத்துப் பேர் வழி சொல்வார்கள்.

துணைத் தேர்வு ஜூன் கடைசியிலேயே வந்துவிடும். அதற்கு விண்ணப்பிக்கும் காலம் ரிசல்ட் வந்த சில நாள்களில் முடிந்துவிடும். ஆனால் தோற்றவன் அந்த வாரம் வீட்டை விட்டே வெளியே வரமாட்டான். ரிசல்ட் அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், கூட உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ‘நாளைக்குக் காலையில் ஸ்கூலுக்குப் போய் எழுதிக்கொடுத்துட்டு வந்துடலாம், நான் வர்றேன்’ என்று சொன்னால் போதும். பிறகு இருக்கும் ஐந்தாறு வாரத்தில் முழுப் புத்தகத்தையும் புரட்டாமல், கடந்த ஐந்து தேர்வுகளின் வினாத்தாளை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை நாளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுங்கள். தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு.

பத்தாவதோடு நின்றவர்களுக்கு ஐ.டி.ஐ. நல்ல வழி. பலருக்கும் தெரியாதது, அதிலிருந்து மேலே ஏற ஏணி இருக்கிறது என்பது. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தனித்தேர்வராகத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் 2-வுக்கு இணை. ஐ.டி.ஐ. முடித்து நேரடியாகப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனக் கூடங்கள் அமைத்திருக்கிறார்கள். பழைய லேத்தும் ரம்பமும்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் இருக்கும் அப்பாக்களை ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். முடித்ததும் 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. எல்லாம் ஆள் எடுக்கிறார்கள், மாத உதவித்தொகையும் உண்டு.

தறியில் வாரக்கூலி வாங்கிப் பழகியவனுக்கு அந்தக் கூலி நிற்பதுதான் பிரச்சினை. படிப்பைப் பற்றிப் பேசும் முன், அவன் வீட்டுக்கு வாரம் எவ்வளவு கொடுக்கிறான் என்று கேளுங்கள். அந்த ஓட்டையை உதவித்தொகையும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் எவ்வளவு தூரம் அடைக்கும் என்று தாளில் கணக்குப் போட்டு அவன் அம்மாவிடம் காட்டுங்கள்.

மாலைப் படிப்பகத்தில் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். என்ன ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும்?
*— வாசகர், அறந்தாங்கி*

எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் பெண். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கட்டும். வருகைப் பதிவில் வந்த நேரமும் போன நேரமும் எழுதுங்கள். ஏழரைக்கு முடித்துவிடுங்கள். தன்னார்வலர் யாரும் மாணவ மாணவியரோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது, செய்தியெல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஆதார் நகல்களைக் குழுவில் பகிர்வதும் கூடவே கூடாது.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். ‘ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்பது குற்றம். பிளஸ் 2 தேர்வு முடிந்த கையோடு 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம், அழைத்தவர் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள்.

கல்லூரியில் சேர்த்துவிட்டோம். அதோடு எங்கள் வேலை முடிந்ததா?
*— முன்னாள் மாணவர் குழு, தோகைமலை*

இல்லை. முதல் பருவத்தில் மூன்று முறை பேசுங்கள்: சேர்ந்த இரண்டாம் வாரம், முதல் உள்தேர்வு முடிந்ததும், தீபாவளி விடுமுறையில். தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் ‘எனக்கு இது ஒத்துவராது’ என்று முடிவுகட்டிவிடும். பாடத்தின் ஒவ்வொரு அலகிலிருந்தும் இருபது கலைச்சொற்களை எடுத்து, பக்கத்தில் பிளஸ் 2 தமிழ்ப் புத்தகச் சொல்லை எழுதவைத்தால் பாதிப் பயம் போகும். பாடம் தெரிந்ததுதான், சொல்தான் புதிது. பயண அட்டை வாங்கியாயிற்றா, உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள். தூரம் அதிகமென்றால் அரசு விடுதியில் இடம் கேளுங்கள். 2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

எங்கள் ஊரில் பட்டம் முடித்தவர்கள் நேர்முகத் தேர்வில் திணறுகிறார்கள். பாதிப் பேர் அரசு வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறார்கள். மன்றம் என்ன செய்யலாம்?
*— வாசகி, கடையநல்லூர்*

நேர்முகத் தேர்வுக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு ஒரு நிமிடப் பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து, பேசியவரே கேட்கட்டும். பெயர், ஊர், அப்பா தொழில் என்று ஒப்பிப்பதை நிறுத்தி, படித்தது ஒரு வரி, செய்த புராஜெக்ட்டில் தன் கைப்பட்ட வேலை மூன்று வரி, இந்த வேலை ஏன் என்று ஒரு வரி. பத்து ஞாயிறு இதையே செய்தால் நாக்கு தானாகத் திரும்பும். தற்குறிப்பு ஒரு பக்கம்தான். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை எடுத்துவிட்டு, சங்கத்துக் கணக்கை எக்செல்லில் எழுதினேன் என்று செய்த காரியத்தைப் போடச் சொல்லுங்கள்.

அரசு வேலைக்குப் படிப்பதில் தவறில்லை. காலக்கெடு மட்டும் வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் புத்தகமும் உண்டு, ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் அங்கே போகட்டும். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியின் 150-இல் 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவையே மனப்பாடம் செய்துகொண்டு தமிழை ‘தெரிந்ததுதானே’ என்று விடுபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். தேர்வில் வென்றபின் தேடிப் போனால், தொடக்கப் பள்ளியை மூடியிருப்பார்கள், பதிவேடு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எந்த பீரோவில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் மாதமே வாங்கி வைக்கட்டும்.

தனியார் வேலைக்கு, பல மாவட்டங்களில் வேலைவாய்ப்பு அலுவலகமே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிறிய முகாம் நடத்துகிறது. வேனில் ஐந்தாறு பேரைச் சேர்த்து அனுப்புங்கள். ‘வேலை உறுதி, பதிவுக்கு 2,500 அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவது எதுவாக இருந்தாலும் மோசடிதான். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.